கிராம்பா, கிராம்புத் தைலமா? ஒரு கடைவாய்ப் பல்லின் நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் ஒரு பல் மருந்தகத்தில் தொண்டூழியப் பல் மருத்துவராக இருக்கிறேன். அங்கே பார்த்த ஒரு நிகழ்வை, சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலோடு இங்கே பதிவு செய்கிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். இதில் என் தவறும் உண்டு. அதுதான் எழுதத் தூண்டிய முதல் காரணம்.

பின்னணி

நோயாளிக்கு வயது 34. ஊர் புதுக்கோட்டைப் பக்கம். கட்டுமான வேலை. தீவின் வடமேற்கில் ஒரு தங்கும் விடுதியில் இருக்கிறார். காலை ஐந்தரைக்கு லாரி வந்துவிடும்; திரும்பி வர இரவு எட்டு, ஓவர்டைம் இருந்தால் பத்து. சர்க்கரை நோய் இல்லை, இரத்த அழுத்தம் இல்லை, மருந்து ஒவ்வாமை எதுவும் தெரியாது. புகைப்பதில்லை. ஊரில் இருந்தபோது வெற்றிலை பாக்கு போட்ட பழக்கம் உண்டு. இங்கே வந்தபிறகு விட்டுவிட்டதாகச் சொன்னார்.

கீழ்த்தாடையின் இடப்பக்கம், முதல் கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை. மூன்று வாரமாகக் கூச்சம் இருந்தது. பிறகு வலி தானாகவே வந்து போகத் தொடங்கியது. ஒரு திங்கட்கிழமை இரவு அவர் தூங்கவே இல்லை. படுத்தால் வலி ஏறியது, குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்திருந்தால் சற்று அடங்கியது. பற்கூழ் (பல்லுக்குள் நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள மென்திசு) மீள முடியாத அளவுக்கு அழற்சி அடைந்துவிட்டதற்கு இவை தெளிவான அறிகுறிகள். அந்த நிலையில் எந்த மருந்தும் பல்லைக் குணப்படுத்தாது. பற்கூழை எடுக்க வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும்.

வேலைநாளில் விடுப்புக் கேட்க அவருக்கு மனமில்லை. தனியார் பல் மருந்தகத்துக்குப் போனால் எத்தனை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும் என்ற பயம் வேறு. அறைத்தோழர் ஒருவர், தஞ்சாவூர்க்காரர், வயதில் மூத்தவர், எங்கள் உதவி எண்ணுக்குச் செவ்வாய்க்கிழமை இரவு அழைத்தார். அன்று அழைப்புகளை எடுத்தது நான்.

தொலைபேசியில் நான் சொன்னது

பேச்சு நான்கு நிமிடம்தான். வீக்கம் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, வாய் திறக்க முடிகிறதா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை, முடிகிறது என்று சரியான பதில்கள் வந்தன. ஞாயிறு காலை முதல் ஆளாக வரச் சொன்னேன். அதுவரை என்ன செய்வது என்று அந்த அறைத்தோழர் அண்ணன் கேட்டார். "பனடோல் போடச் சொல்லுங்க. கிராம்பு வெச்சு சமாளிக்கச் சொல்லுங்க" என்றேன்.

நான் மனத்தில் நினைத்தது என் பாட்டி செய்ததை: முழுக் கிராம்பு ஒன்றைப் பல்லின் பக்கத்தில் வைத்து மெல்லக் கடித்துக்கொண்டிருப்பது. அண்ணன் புரிந்துகொண்டது கிராம்புத் தைலம். அவரைக் குறை சொல்ல இடமே இல்லை. விடுதிப் பக்கத்துக் கடையிலும் லிட்டில் இந்தியாவின் தேக்காவிலும் பல்வலி என்று சொன்னால் எடுத்துத் தருவது தைலப் புட்டியைத்தான். பனடோல், அதாவது பாராசிட்டமால் மாத்திரை, எத்தனை, எத்தனை மணிக்கு ஒருமுறை என்றும் நான் சொல்லவில்லை. வலி நின்றாலும் கட்டாயம் வர வேண்டும் என்றும் சொல்லவில்லை.

செவ்வாய் முதல் சனி வரை

அன்றிரவே 10 மில்லிலிட்டர் புட்டி ஒன்று வாங்கப்பட்டது. வெளிப்பூச்சுக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. பஞ்சில் இரண்டு சொட்டு விட்டுச் சொத்தைக் குழிக்குள் வைத்தார். முதலில் சுரீரென்று எரிந்து, சில நிமிடங்களில் மரத்துப்போனது. நான்கு நாளுக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினார்.

புதன்கிழமை வலி திரும்பியது. இரண்டு சொட்டு பத்தாக ஆனது. பஞ்சு குழிக்குள் நிற்காததால், பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே பெரிய உருண்டையாக அடக்கிக்கொண்டு இரவு முழுக்கப் படுத்தார். வியாழக்கிழமை மாலை வலி முழுதாக நின்றது. தைலம் வேலை செய்துவிட்டது என்று அறை முழுக்கச் சந்தோஷம். "வேரோட போகட்டும்" என்று வெள்ளிக்கிழமையும் வைத்தார். அன்று கன்னத்தின் உள்பக்கம் எரியத் தொடங்கியது. குழம்பு சாதம் தொட முடியவில்லை. சனிக்கிழமை பிற்பகல் வேலையிடத்தில் தாடை வீங்கியது. பல் ஆறிவிட்டதே, ஞாயிறு போக வேண்டாம் என்று அதற்கு முன்பே முடிவு செய்திருந்தாராம். வீக்கம் மட்டும் வராதிருந்தால் அவர் வந்திருக்கவே மாட்டார்.

ஞாயிறு காலை கண்டவை

அறைக்குள் நுழைந்ததுமே கிராம்பு வாசனை. முதலில் அவர் சொன்னது: "மேடம், வலி செத்துப்போச்சு. ஆனா மூஞ்சி வீங்கிடுச்சு." இரண்டு வாக்கியத்தில் முழு நோயறிதலையும் அவரே சொல்லிவிட்டார். செத்துப்போனது வலி அல்ல, பற்கூழ்.

உடல் வெப்பம் 38.2 பாகை. இடது தாடையோரம் தொட்டால் வலிக்கும் வீக்கம். வாய் நன்றாகத் திறந்தது. நாக்கின் அடிப்பகுதி மென்மையாக இருந்தது, விழுங்குவதிலும் மூச்சிலும் சிரமமில்லை. இதை முதலில் பார்க்கக் காரணம் உண்டு. கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்குக்குக் கீழே பரவினால் சில மணி நேரத்தில் மூச்சுக்குழலை அடைத்துவிடக்கூடும். அப்படி ஓர் அடையாளம் இருந்திருந்தால் பல்லைத் தொடாமல் ஆம்புலன்சைத்தான் கூப்பிட்டிருப்பேன்.

குளிர்ச் சோதனைக்குப் பல் எந்தப் பதிலும் தரவில்லை. தட்டினால் துள்ளினார். எக்ஸ்ரேயில் சொத்தை பற்கூழ் அறைவரை போயிருந்தது. வேர் நுனியில் வேருக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள இடைவெளி அகன்றிருந்தது.

உட்கன்னத்திலும் ஈறோரத்திலும் ஐம்பது காசு அளவுக்கு வெள்ளைப் படலம். துணியால் ஒற்றியதும் ஓரம் உரிந்து, அடியில் சிவந்த புண் தெரிந்தது. பஞ்சு உருண்டை இருந்த இடத்தின் அச்சு அப்படியே விழுந்திருந்தது.

புட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பத்தில் சுமார் நான்கு மில்லிலிட்டர் தீர்ந்திருந்தது. பஞ்சை நனைக்க ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் கோப்பையில் தைலத்தை ஊற்றி வைத்தாராம். "கப்பு பிசுபிசுன்னு ஒட்டுச்சு மேடம், சரக்கு மட்டம்னு நினைச்சேன்" என்றார். சரக்கு மட்டமில்லை. நல்ல தைலமும் அப்படித்தான் செய்யும். அத்தகைய கோப்பைகள் பலவும் பாலிஸ்டைரீனால் ஆனவை, கிராம்புத் தைலம் அதைக் கரைக்கும். தைலத்தைக் கண்ணாடிப் புட்டியில் விற்பது அதனால்தான்.

பனடோல் பற்றிக் கேட்டபோது முதலில் "அப்பப்ப" என்றார். காலியான அட்டைகளை அறைத்தோழர் மூலம் எண்ணச் சொன்னோம். செவ்வாய் முதல் வியாழன் வரை நாளொன்றுக்குப் பத்து மாத்திரை, அதாவது 5 கிராம் பாராசிட்டமால். பெரியவர்களுக்கான உச்ச அளவு ஒரு நாளைக்கு 4 கிராம்.

அந்தப் புட்டியில் இருந்தது என்ன?

கிராம்பு மொட்டில் எடுக்கும் தைலத்தில் பெரும்பகுதி, பொதுவாக 70 முதல் 90 விழுக்காடு, யூஜினால் என்ற ஒரே சேர்மம். மங்கிய மஞ்சள் நிறத் திரவம். காற்றுப் பட்டால் பழுப்பாகும். தண்ணீரில் அதிகம் கரையாது, தண்ணீரைவிடச் சற்றே கனம் என்பதால் அடியில் தங்கும். வேதியியலில் இது ஃபீனால் குடும்பம். 1867இல் ஜோசப் லிஸ்டர் அறுவைக் காயங்களில் கிருமி கொல்லப் பயன்படுத்தியதாக எழுதிய கார்பாலிக் அமிலமும் அதே குடும்பத்தின் மூத்த உறுப்பினர். கிருமியைக் கொல்லும், தோலையும் சுடும். யூஜினால் அதைவிட மிகச் சாதுவானது, ஆனால் குடும்பக் குணம் முழுதாகப் போய்விடவில்லை.

வலியை இது உண்மையாகவே அடக்குகிறது. நரம்பிழைகளில் சோடியம் நுழையும் வாயில்களைத் தடுக்கிறது. மரத்துப்போகும் ஊசிமருந்தும் அங்கேதான் வேலை செய்கிறது. மிளகாயின் காரத்தை உணரும் ஏற்பியையே முதலில் தூண்டி, பிறகு சோர்வடையச் செய்கிறது. அவர் சொன்ன சுரீர் எரிச்சலும் அடுத்து வந்த மரப்பும் அதுதான். அழற்சியை வளர்க்கும் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையும் குறைக்கிறது. 2006இல் வெளியான குவைத் ஆய்வொன்றில், வாய்க்குள் ஊசி குத்தும் வலியைக் கிராம்புக் களிம்பு ஏறக்குறைய பென்சோகெய்ன் என்ற மரப்பு மருந்துக் களிம்பு அளவுக்குக் குறைத்தது. ஆகவே இதை வெறும் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கும் சக மருத்துவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

எங்கள் தொழிலிலும் அது தினப்படிப் பொருள். யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடோடு பிசைந்தால் கெட்டிப்படும் பசை கிடைக்கும். தற்காலிக அடைப்புக்குப் பல தலைமுறைகளாகப் பயன்படுகிறது. பல் மருந்தகத்துக்கென்று ஒரு வாசனை உண்டே, அது பெரும்பாலும் இதுதான். அந்தப் பசையிலிருந்து யூஜினால் கொஞ்சம் கொஞ்சமாகவே கசியும். நடுவே டென்டின் (எனாமலுக்கு அடியிலுள்ள கடினப் பகுதி) அடுக்கு இருந்தால், பற்கூழை எட்டும்போது அதன் செறிவு நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். குறைந்த செறிவில் அது ஆற்றும். மிகுந்த செறிவில் புரதங்களைத் திரளவைத்து உயிரணுக்களைக் கொல்லும். இவருடைய பல்லிலோ இடையில் டென்டினே இல்லை. தைலம் திறந்த பற்கூழின் மேல் நேராக இறங்கியது. ஏற்கெனவே சாகவிருந்த பற்கூழின் சாவை அது விரைவுபடுத்தியிருக்கலாம். நிரூபிக்க வழியில்லை.

கிராம்புக்கும் தைலத்துக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டால் என் பிழையின் அளவு தெரியும். ஒரு கிராம்பு ஏறக்குறைய 0.1 கிராம். அதில் தைலம் 15 முதல் 20 மில்லிகிராம் இருக்கும், அதுவும் கடிக்கக் கடிக்கத்தான் வெளிவரும். ஒரு சொட்டுத் தைலமோ சுமார் 40 மில்லிகிராம், மொத்தமும் ஒரே நொடியில். பத்துச் சொட்டுப் பஞ்சு என்பது இருபதுக்கும் மேற்பட்ட கிராம்பைச் சாறாக்கி ஓரிடத்தில் அடக்கியதற்குச் சமம். உணவின் வழியாக வாழ்நாள் முழுதும் தினமும் உட்கொள்ளத் தக்கதென அனைத்துலக உணவுச் சேர்ப்பு நிபுணர் குழு வகுத்த யூஜினால் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் வரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 150 மில்லிகிராம். இவர் வாயில் வைத்தது நாளொன்றுக்கு முக்கால் கிராமுக்கும் மேல். எச்சிலோடு பெரும்பங்கு வயிற்றுக்குத்தான் போயிருக்கும்.

"நம்ம ஊர்ப் பொருள்தானே மேடம், ஒண்ணும் செய்யாதுன்னு இருந்தேன்" என்றார். கிராம்பின் தாயகம் இந்தோனேசியாவின் மலுக்கு தீவுகள். இப்போது ஃபோர்ட் கேனிங் என்று சொல்லும் குன்றில் 1822இல் தொடங்கிய சிங்கப்பூரின் முதல் தாவரத் தோட்டத்தில் சாதிக்காயோடு கிராம்பையும் பயிரிட்டுப் பார்த்தார்கள். அன்று நான் அதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. அவர் சொன்னதில் இருந்த நம்பிக்கை எனக்கும் உண்டு. அந்த நம்பிக்கையில்தான் நானும் தொலைபேசியில் யோசிக்காமல் பேசினேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் கேள்வி, பல்லை எடுப்பதா காப்பதா. எடுத்தால் ஒரே வருகை. காத்தால் குறைந்தது மூன்று ஞாயிறு. தொழிலாளர்கள் பெரும்பாலும் "புடுங்கிடுங்க" என்றே வருவார்கள், நேரம் இல்லை என்பதால். இவரும் அப்படித்தான் கேட்டார். எதிர்ப்பக்கக் கடைவாய்ப் பல் அவருக்கு ஏற்கெனவே இல்லை. இதுவும் போனால் இரண்டு பக்கமும் மெல்ல முடியாது என்று கண்ணாடியில் காட்டினேன். அண்ணனிடம் கலந்து பேசிவிட்டு, வேர் சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டார்.

அன்றே பல்லைத் திறந்து சீழை வடித்தோம். கீழ்த்தாடை நரம்புக்கு மரப்பூசி போட்டோம். பல் செத்திருந்தாலும் புண்பட்ட ஈறில், பல்லைத் தனிமைப்படுத்தும் ரப்பர்த் திரையின் கவ்வியை மாட்டுவதற்கு அது தேவைப்பட்டது. வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து கால்சியம் ஹைட்ராக்சைடு பசை நிரப்பினோம். காய்ச்சலும் பரவும் வீக்கமும் இருந்ததால் அமாக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி 500 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, ஐந்து நாள். வீக்கம் மட்டும் ஓரிடத்தில் நின்றிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன், சீழ் வடிந்ததே போதும்.

தற்காலிக அடைப்புக்கு யூஜினால் பசைக்குக் கை போனது, பழக்கம். நிறுத்திக்கொண்டேன். சுட்ட இடத்தில் அதே பொருளை வைப்பது ஒன்று. இன்னொன்று, பின்னால் வைக்கப்போகும் பிசின் அடைப்பு. தனியுறுப்புகள் எனப்படும் துடிப்பான மூலக்கூறுகள் சங்கிலியாகப் பிணைவதால்தான் பிசின் இறுகுகிறது. யூஜினாலின் ஃபீனால் முனை தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அந்தச் சங்கிலியை அறுத்துவிடும். எண்ணெய் கசந்துபோகாமல் காக்கும் எதிராக்சிகரணி என்று எந்தக் குணத்தைப் புகழ்கிறோமோ, அதே குணம் இங்கே அடைப்பைக் கொழகொழக்க விட்டுவிடும். யூஜினால் இல்லாத பசையால் மூடினோம்.

பாராசிட்டமால் எனக்கு அதிகக் கவலை தந்தது. பாராசிட்டமாலும் யூஜினாலும் அளவு மீறினால் கல்லீரலில் நச்சை முறிக்கும் குளுட்டாதயோன் என்ற பொருளின் கையிருப்பைத் தின்னும். குழந்தைகள் கிராம்புத் தைலத்தைக் குடித்துக் கல்லீரல் செயலிழந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் உள்ளன. அவர்களுக்குப் பாராசிட்டமால் நஞ்சுக்குக் கொடுக்கும் அதே முறிமருந்து கொடுக்கப்பட்டது. இவருக்கு வாந்தியோ மஞ்சளோ இல்லை, கடைசி மாத்திரை போட்டு இரண்டு நாள் கடந்திருந்தது. பாராசிட்டமாலை நிறுத்தி, சாப்பாட்டுக்குப் பின் ஐபூப்ரோஃபென் கொடுத்தேன். மறுநாளே இரத்தப் பரிசோதனைக்கு ஒரு பொது மருத்துவரிடம் கடிதம் எழுதினேன். இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) தந்தேன். முதலாளி என்ன சொல்வாரோ என்று அதை வாங்கவே தயங்கினார். சூப்பர்வைசரிடம் அவர் முன்னிலையிலேயே தொலைபேசியில் பேசியபின் வாங்கிக்கொண்டார்.

வெள்ளைப் படலத்தை வேதிச்சூடு என்று எழுதினேன், ஆனால் அதோடு விடவில்லை. வெற்றிலை பாக்குப் பழக்கம் இருந்தவர். இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் திசு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று கோப்பில் தேதி போட்டுவைத்தேன்.

பின்னர் நடந்தவை

செவ்வாய்க்கிழமை அழைத்தபோது காய்ச்சல் இல்லை, வீக்கம் பாதியாகியிருந்தது. இரத்தப் பரிசோதனையில் ஒரு கல்லீரல் நொதி இயல்பின் உச்சத்தைப்போல் இரண்டு மடங்கு, மற்றவை சரி. இரண்டு வாரத்தில் அது இயல்புக்கு வந்தது. காரணம் பாராசிட்டமாலா, தைலமா, தொற்றா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சொல்லவும் முயலவில்லை.

இரண்டாம் ஞாயிறு அவர் வரவில்லை, ஓவர்டைம். மூன்றாம் ஞாயிறு வந்தார். உட்கன்னம் தழும்பின்றி ஆறியிருந்தது. திசுச் சோதனை தேவைப்படவில்லை. வேர்களை நிரப்பினோம், யூஜினால் கலக்காத ஒட்டுப்பசையோடு. அதற்கடுத்த வருகையில் பல்லின் முனைகளையும் மூடிய பெரிய பிசின் அடைப்பு. இதற்குக் கிரவுன், அதாவது பல்லுறை, போடுவதுதான் முறை. எங்கள் மருந்தகத்தில் அந்த வசதி இல்லை. ஊருக்கு விடுப்பில் போகும்போது போட்டுக்கொள்ளும்படி எக்ஸ்ரேயும் குறிப்பும் கொடுத்தனுப்பினேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது வேர் நுனி எலும்பு நிறைந்துவந்தது. கிரவுன் இன்னும் போடவில்லை.

மாற்றிக்கொண்டவை

உதவி எண்ணுக்கு வரும் பல்வலி அழைப்புக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதிவைத்திருக்கிறோம். அதில் கிராம்பு என்ற சொல்லைத் தனியாகப் பயன்படுத்துவதில்லை. முழுக் கிராம்பு ஒன்று, வலிக்கும் பல்லருகே, மெல்லக் கடித்து, சிறிது நேரத்தில் துப்பிவிட வேண்டும் என்றே சொல்கிறோம். ஏற்கெனவே தைலம் வைத்திருப்பவரிடம் ஒரு சொட்டை அரை டீஸ்பூன் நல்லெண்ணெயில் கலக்கச் சொல்கிறோம். பஞ்சை மிளகளவு உருட்டிக் குழிக்குள் மட்டும், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. குடும்பத்தோடு இருப்பவர் என்றால் புட்டி குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறதா என்றும் கேட்கிறோம். பனடோல் ஒரு வேளைக்கு இரண்டு, ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு எட்டுக்கு மேல் இல்லை என்று எண்ணிக்கையோடு சொல்லி, எதிர்முனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்ல வைக்கிறோம்.

வலி நின்றுவிட்டது என்று மறுநாள் யாராவது அழைத்தால், முன்பு அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம். இப்போது அந்தப் பெயரை மேலே ஏற்றுகிறோம்.

இன்னொரு மாற்றம் என் பேச்சில். அந்த ஞாயிறு நோயாளியிடம், "யார் இவ்வளவு ஊத்தச் சொன்னது?" என்று சற்றுக் கடுமையாகக் கேட்டுவிட்டேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்கதான் மேடம் கிராம்பு வைக்கச் சொன்னீங்க" என்றார். அவர் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். இருவரிடமும் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன்.

தீராதது ஒன்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமை இரவு தூக்கமின்றி அழைப்பவருக்கு நாங்கள் தரும் முதல் இடம் இன்றும் ஞாயிறு காலைதான். புதன்கிழமை மாலை அவசரத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம் திறக்கக் கேட்டிருக்கிறேன். மருத்துவர்கள் இருவர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். உதவியாளர் இன்னும் கிடைக்கவில்லை.